முப்பது வினாடிக்கு ஒருமுறை

பாட்டு ஓடும்போது அவர் பாட்டைக் கேட்கமாட்டார். அது எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதை மட்டும் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலை மேசைமேல் வைத்திருப்பார். பாட்டு ஒருமுறை திக்கினால் விரல் ஒருமுறை தட்டும். அந்த நேரத்தில் எதிரே நிற்பவர் வாயைத் திறந்தால், கண்ணைத் திறக்காமலேயே இடது கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒரு வழக்கறிஞரும் ஒரு பூசாரியும் உண்டு. நானும் உண்டு.

சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், பழைய கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் அவர் கடை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கழற்றிப் போட்ட கணினிகள் அடைந்து கிடக்கும் மூன்று அலமாரி, அவ்வளவுதான். ஒரு பக்கம் ரவிக்கை தைக்கும் கடை. மறுபக்கம் கைப்பேசி உறை விற்கும் சீனப் பெண்மணி. பலகையில் கணினி பழுதுபார்க்கப்படும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும், பெயர் இருக்காது. வருகிறவர்கள் அக்கா என்பார்கள். சீனப் பெண்மணி ‘சிஸ்டர்’ என்பார். அவர் பெயர் எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. ஆனால் அதைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை என்பதால் இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒட்டக் கத்தரித்த நரைமுடி. ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரத்தை, முகப்பு உள்மணிக்கட்டில் வரும்படி கட்டியிருப்பார். பாலும் சீனியும் இல்லாத காப்பி ஒரு பிளாஸ்டிக் பையில் ஆணியில் தொங்கும். காலையில் வாங்கியதை மாலைவரை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். எங்களோடு பேசும்போது இந்த ஊர்த் தமிழ்தான் பேசுவார். உள்ளே ஏதாவது புரண்டால் மட்டும் வீட்டுத் தமிழ் வெளியே வரும் என்று தையல்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நான் அதை ஒரே ஒருமுறைதான் கேட்டேன்.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வேறு கடைகளில் கைவிடப்பட்டவர்கள். பழைய மெஷின், பாட்டு விட்டு விட்டுத்தான் கேட்கும், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். அக்காவுக்கு அந்தப் பேச்சு ஆகாது.

“பழசுங்கிறது அதோட வயசு லா. அது காரணம் இல்ல. காரணம் வேற இருக்கும்” என்பார்.

அந்தக் காரணத்தைத் தேடத் தொடங்கினால் எங்கே போய் நிற்பார் என்று யாராலும் சொல்லமுடியாது. கேலாங் பக்கத்தில் நடன வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர், தன் பழைய கணினியிலிருந்து வயர் இல்லாத ஒலிபெருக்கிக்குப் போகும் பாட்டு, சரியாக வகுப்பு நேரத்தில் மட்டும் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்று கொண்டுவந்தாராம். கடையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வேறு யாராவது இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அக்கா அடுத்த சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அந்த வகுப்புக்கே போய்விட்டார். பக்கத்து அறையில் காத்திருக்கும் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு மைக்ரோவேவ் அடுப்பில் சாப்பாடு சூடு பண்ணுவதைப் பார்த்தார். ஒரு கோப்பைத் தண்ணீரை அதில் வைத்து, ஒரு நிமிடம் போடுவதும் நிறுத்துவதுமாக நின்றார். உள்ளே டீச்சர் பாட்டு அறுபடும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பத்து முறை போட்டதில் பத்து முறையும் கை உயர்ந்தது. அடுப்பின் அலை ஒலிபெருக்கியின் அலையோடு மோதியிருக்கிறது. ஒரு வயரை மாட்டிவிட்டு வந்துவிட்டார். டீச்சர் அடுத்த வாரம் இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை வராத முகமாக இருந்தது.

நான் அந்தக் கடைக்கு முதலில் போனது ஒரு சார்ஜர் வாங்க. அன்றைக்கே அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு தம்பி நின்றிருந்தார். கப்பல் பட்டறையில் துரு சுரண்டும் வேலை, ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அவருடைய கணினியிலும் பாட்டுத்தான் திக்கியது. அக்கா பின்பக்கத்தைக் கழற்றினார். விசிறி முழுக்கக் கரிய தூசி. சூடு ஏறி மெஷின் மெதுவாகிவிடுகிறது என்று விளக்கிக்கொண்டே தூரிகையால் தள்ளி, ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். பாட்டு ஒழுங்காக ஓடியது. அந்தத் தம்பி பையை எடுத்தார்.

அக்கா கொடுக்கவில்லை. தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, கணினியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கட்டிலுக்குக் கீழே, வேலை உடுப்பு மாட்டுகிற இடத்தில் என்றார் அவர். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். அவர் அதுவரை இருமியதை நான் கவனிக்கவில்லை. ஆனால் அக்கா எண்ணியிருந்தார்.

“உடுப்புலேருந்து இவ்வளவு மெஷினுக்குள்ள போயிருக்குன்னா, உங்க நெஞ்சுக்குள்ள எவ்வளவு போயிருக்கும்? கிளினிக் போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அப்புறம் லேப்டாப் தர்றேன்.”

அவர் சிரித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அக்கா அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு மனிதரின் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ள இவருக்கு என்ன உரிமை என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. நுரையீரலில் ஏதோ படிந்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள், இப்போது அந்தத் தம்பிக்கு மருந்தும் வேறு வேலையும் கிடைத்துவிட்டது என்பதைச் சீனப் பெண்மணி பல மாதம் கழித்துச் சொன்னார். அப்போது என் கொதிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

இனி என் கதையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

திருமணமாகி ஏழாம் மாதம் எனக்கு ஜூரோங்கில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. கணவருக்குத் திருச்சியில் வேலை. ஒன்றிரண்டு வருடத்தில் வந்து சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. நான் கிளம்பும்போது தன்னுடைய பழைய மடிக்கணினியைத் துடைத்து, மூன்றாயிரம் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். அறையையும் அவரே பார்த்துவைத்தார், அவருடைய நண்பரின் உறவினர் வீட்டில், பாசிர் ரிஸ்ஸில். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தினமும் ரயிலில் போய்வந்தேன். அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை கணினியைத் திறந்து பாட்டுப் போடுவது. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அம்மாவோடு பேசும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

கணவரைப் பற்றி நான் ஆய்வகத்தில் பெருமை பேசுவேன். தலைவலிக்கிறது என்று நான் தனியாக முனகிய அரைமணியில் ஊரிலிருந்து கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்பார். பச்சைச் சுடிதார் வாங்கியதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருப்பேன். மறுநாள், பச்சை உனக்கு எடுக்கும் என்பார். என் மனசு அவருக்குக் கேட்கிறது என்று நான் சொல்லும்போது கூட வேலை செய்யும் பெண்கள் பொறாமையோடு சிரிப்பார்கள்.

பாட்டு தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் திக்கும். இரண்டாம் வருடம் கேட்க முடியாத அளவுக்குப் போயிற்று. ஒரு கடையில் நினைவகம் கூட்டினார்கள். இன்னொரு கடையில் பாட்டுகளைத் திரும்ப ஏற்றினார்கள். மூன்றாவது கடையில் பழசாகிவிட்டது என்றார்கள். அவர் கொடுத்ததைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஒரு ஞாயிறு மதியம் அக்காவிடம் கொண்டுபோனேன். யார் கொடுத்தது என்று கேட்டார். என் ஹஸ்பண்டு என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைவு.

கண்ணை மூடி, விரலை மேசைமேல் வைத்தார். விரல் தட்டியது. சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து மணிக்கட்டைத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார். ஒரு துண்டுத்தாளில் ஏதோ குறித்துக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு வேலையில் இறங்கினார்.

ஒரு பாட்டைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பாட்டில் குறையில்லை. காதில் மாட்டிக் கேட்டார், அப்போதும் திக்கியது. ஒலிபெருக்கியில் குறையில்லை. விசிறியைத் துடைத்தார். சூடு பார்த்தார். வன்வட்டைச் சோதித்தார். நினைவகத்தைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே பாட்டு, அதே விரல். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்று மட்டும் நடுவில் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வேகமான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேனே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

கடைசியில், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்தார். உங்களிடம் பிரிண்டர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிரிண்டருக்கு உதவும் நிரல்போலப் பெயர் வைத்திருந்த ஒன்றை நிறுத்தினார். பாட்டு ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒரு பிசிறில்லை. நான் மகிழ்ச்சியோடு பையை எடுத்தேன். இடது கை உயர்ந்தது.

“இருங்க. கிழடான மெஷின் கண்ட நேரத்துல இருமும். மணி பார்த்து இருமாது. இது முப்பது செகண்டுக்கு ஒரு தடவை, அப்படியே அச்சா வருது. யாரோ சொல்லி வச்சிருக்காங்க.”

ஒரு கோப்புறையைத் திறந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. தலை துவட்டுகிற ஒரு பெண். மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிற ஒரு பெண். சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிற ஒரு பெண். அந்தப் போர்வையை அடையாளம் கண்ட பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. அக்கா திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார், படங்கள் முடியவில்லை. இன்னொரு கோப்புறையில் ஒலிப்பதிவுகள். ஒன்றைத் தட்டினார். “இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா” என்றது என் குரல். பின்னால் பாட்டு. நான் அழுதுகொண்டே சொன்ன நாள் அது. மூன்றே வினாடியில் அக்கா அதை நிறுத்திவிட்டார்.

பக்கத்தில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததும், யாரோ ரவிக்கைக் கை நீளம் போதாது என்று சண்டை போட்டதும் எனக்கு இப்போதும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

இது படம் எடுக்கிறது, பேச்சைப் பிடிக்கிறது, இரண்டையும் சுருட்டி வெளியே அனுப்புகிறது, அந்த நேரம் பாட்டுக்கு மூச்சு நின்றுவிடுகிறது என்று அக்கா தணிந்த குரலில் விளக்கினார். எந்த முகவரிக்கு என்று கேட்டேன். காட்டினார். என் செல்லப் பெயரும் என் கணவர் பெயரும் சேர்ந்த மின்னஞ்சல் முகவரி. திருமணமான வாரம், நம் குடும்பத்துக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று அவர் உண்டாக்கியது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அக்காமேல் வந்தது.

“இதையெல்லாம் யாரு உங்களைப் பார்க்கச் சொன்னது? பாட்டை மட்டும்தானே சரிபண்ணச் சொன்னேன்?”

அக்கா முகம் மாறவில்லை. எடுக்கட்டுமா விடட்டுமா என்று கேட்டார். உங்கள் மெஷின், நீங்கள் சொல்லாமல் எடுக்கமாட்டேன், மறுபடி திறந்தால் அது தானாக ஓடத் தொடங்கும் என்றார். இங்கே இணையம் இணைக்காததால் இன்றைக்குக் கடையில் பிடித்தது வெளியே போகவில்லை என்றும், அதை மட்டும் அழித்துவிட்டதாகவும், அதில் இருந்தது தன் குரல் என்பதால் அது தன் உரிமை என்றும் சொன்னார். நான் கணினியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாசிர் ரிஸ்ஸுக்குப் போகும் வழி முழுக்க, அந்த அம்மாளுக்குப் புத்தி சரியில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அறைக்கு வந்து கணினியைத் திறந்து பாட்டுப் போட்டேன். மணியைப் பார்த்தேன். முப்பது. மறுபடி முப்பது. கைப்பேசியைக் காதில் வைத்து, மறுமுனையில் யாரும் இல்லாமலேயே பேசினேன். அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்காரர்களோடு மலாக்கா போகிறேன் என்றேன். இல்லாத ஆளின் கேலிக்குச் சிரிக்கவும் செய்தேன். பிறகு பாத்திரம் கழுவினேன்.

நாற்பது நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். என்ன சாப்பிட்டாய் என்றார். மழையா என்றார். அப்புறம் கேட்டார்.

“அடுத்த வாரம் வேலை எப்படி? லீவு கீவு ஏதாவது இருக்கா?”

இல்லை என்றேன்.

“எங்கயாவது போறதா இருந்தா சொல்லிடு என்ன? எனக்குக் கவலையா இருக்கும்ல.”

அதே குரல். இரண்டு வருடமாக நான் உருகிக் கேட்ட அதே அன்பான குரல். அதில் துளி வித்தியாசம்கூட இல்லை என்பதுதான் என்னைத் தரையில் உட்காரவைத்தது. நான் மனசு கேட்கிறது என்று நினைத்த ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்து போயிற்று. தலைவலி. பச்சைச் சுடிதார். அம்மாவிடம் அழுத நாள், அன்றைக்கு அவர் கூப்பிட்டு ஒரு வேடிக்கைக் கதை சொல்லி என்னைச் சிரிக்கவைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். முதலில் அந்தக் கோப்புறைகளை ஒரு வட்டில் நகல் எடுத்தார். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தேவைப்படலாம், படாமலும் போகலாம் என்றார். போலீஸில் ஒரு புகார் எழுதிவைக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது, என் குடும்பம் என்ன விசிறித் தூசியா என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. கணினியை இணையத்தோடு இணைத்தார். அந்த நிரல் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தார். கணினியைத் தன் பக்கம் திருப்பி, திரைக்கு மேலே இருக்கும் ஊசித்துளையை நேராகப் பார்த்தார். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது நான் அதுவரை கேட்டிராத தமிழ்.

“தம்பி, நான் கொம்ப்யூட்டர் திருத்துற மனுசி. பாட்டு வெட்டி வெட்டிக் கேக்குதெண்டு உங்கட மனுசி இதை என்னட்டக் கொண்டுவந்தவ. ரெண்டு மணித்தியாலம் தேடினனான். காரணம் நீங்கள்தான். இப்ப எடுக்கப் போறன். இனி உங்களுக்கு ஒண்டும் கேக்காது.”

சத்தமே போடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி முப்பது வினாடி உட்கார்ந்திருந்தார், அது போய்ச் சேரட்டும் என்று. பிறகு இன்னொரு முப்பது வினாடி. அப்புறம்தான் நிரலை அகற்றினார்.

என் திருமணத்துக்குள் இவர் எப்படிப் பேசலாம்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அன்று நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். வெகுநாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ஆனால் இதையும் சொல்லவேண்டும்: அந்தப் பேச்சை நானாகப் பேசியிருக்க மாட்டேன். பேசாமலே இன்னொரு வருடத்தை ஓட்டியிருப்பேன்.

அன்று மாலைக்குள் கணவரிடமிருந்து பன்னிரண்டு அழைப்பு. கடைசியில் எடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, யார் அந்தப் பொம்பளை என்பது. வீட்டு விஷயத்தை ஏன் வெளியாளிடம் காட்டினாய் என்பது அடுத்தது. நீ தனியாக இருக்கிறாயே என்ற அக்கறையில் செய்தேன் என்றார். மாமியாருக்கு அது பாசமாகத் தெரிந்தது. என் அம்மா, குடிக்கிறாரா, அடிக்கிறாரா, இல்லையே, அப்புறம் என்ன என்றாள்.

மூன்றாம் வாரம் அவரே விமானம் ஏறி வந்தார். ஆட்கள் நிறைந்த ஓர் உணவங்காடியில் சந்தித்தோம். நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். நான் தூங்குகிற படத்தை எடுத்து என்ன செய்தீர்கள்?

“நீ நல்லா தூங்குறியான்னு பார்ப்பேன்” என்றார்.

பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் கலக்கம் இல்லை, வெட்கம் இல்லை. தான் செய்தது சரி என்று முழுமையாக நம்பினார். மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எதிரே இருந்த தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன். பிரிவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அக்கா ஒட்டிக் கொடுத்த உறையைத் திருச்சியில் ஒரு வழக்கறிஞர்தான் கிழித்தார். இந்தப் படங்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் உங்கள் பேச்சை நானே நம்பியிருக்கமாட்டேன் என்றார்.

எல்லாம் முடிந்து, ஜூரோங்கில் நானே பார்த்து ஓர் அறை எடுத்த பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொன்னார். தனக்கு வாங்கியிருந்த காப்பியில் பாதியைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார், கசந்தது. அவர் எதையும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். முதல் நாளே கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டீர்களே, பிறகு எதற்கு அந்த இரண்டு மணி நேரம்?

அவர் ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சு. ஹஸ்பண்டு குடுத்ததுன்னு சொன்னீங்கல்ல. வேற காரணம் ஏதாவது கிடைக்காதான்னு பார்த்தேன். எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தேன். கிடைக்கல லா.”

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று போனவள், அதைக் கேட்காமலே அந்தக் கசப்பைக் குடித்து முடித்தேன். அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது போவேன். பழுது எதுவும் இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பேன். அக்கா கண்ணை மூடி யாருடைய பாட்டையோ கேட்டுக்கொண்டிருப்பார். அவர் தனி ஆள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடைத்தொகுதியில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். கழுத்தில் ஒன்றும் இருக்காது, வீட்டைப் பற்றி ஒரு சொல் வராது.

போன ஆண்டு ஒரு காலையில், கைப்பேசி உறை விற்கும் சீனப் பெண்மணி எனக்குச் செய்தி அனுப்பினார். சிஸ்டர் இல்லை, இதயம் என்று இரண்டே வரி. கூடவே கேலாங்கில் ஓர் அடுக்குமாடி புளோக் எண். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு ஆய்வக வாசலில் நின்றேன். அதற்கு முந்தின ஞாயிறுதான் பார்த்திருந்தேன்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மெலிந்த, உயரமான ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்று நினைத்தேன். கணவர் என்றார்கள். பக்கத்தில் போய் நின்றேன். யாரம்மா என்றார். அக்காவின் கஸ்டமர் என்றேன். என்ன ரிப்பேருக்கு வந்தாய் என்று கேட்டார், கணினிதான் என்றேன். வீட்டில் அவள் யாருடைய கதையையும் பேசமாட்டாள், அதனால் உங்களையெல்லாம் எனக்குத் தெரியாது, கோபிக்காதே என்றார்.

யாரிடமாவது பேசினால் போதும் என்பதுபோல இருந்தார். தான் கப்பலில் வேலை பார்த்ததைச் சொன்னார். ஆறு மாதம், எட்டு மாதம் வீட்டில் இருக்கமாட்டாராம்.

“முப்பது வருஷம். எங்க போனீங்க, யாரோட இருந்தீங்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல. என் போனைத் தொட்டதில்ல. அடிச்சாகூட எடுத்துட்டு வரமாட்டா. உங்க போன் அடிக்குதுன்னு சமையல்கட்டுலேருந்து கூப்பிடுவா, நானே எழுந்து போய் எடுக்கணும்.” பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “என்மேல அக்கறை இல்லையோன்னு சில நேரம் நினைச்சிருக்கேன்.”

அந்தத் தம்பியின் இருமலை எண்ணியவர், எங்கோ நடந்த நடன வகுப்புக்கு அடுப்பைத் தேடிப் போனவர், சொந்தக் கணவரிடம் முப்பது வருடம் ஒன்றும் கேட்காமல், கைப்பேசியைக்கூடத் தொடாமல் இருந்திருக்கிறார்.

“அதுதான் அக்கறை, அங்கிள்” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து, தன் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து, என்னை உட்காரச் சொன்னார்.